லைவ் ராக் நாறுகிறது, கொதிக்கவைக்கலாமா?

கேள்வி: கடல்நீர் மீன்தொட்டிக்காக, உயிரிகள் ஒட்டி வாழும் கடற்கல்லான லைவ் ராக் 18 கிலோ வாங்கினேன். ஈரத்தாள் சுற்றிப் பெட்டியில் வந்து சேர இரண்டு நாள் ஆகிவிட்டது. 100 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் உப்புநீர் நிரப்பி, ஒரு காற்றுக் குழாயைப் போட்டு, கற்களை நெருக்கமாக அடுக்கி மூடிவைத்தேன். இன்று ஐந்தாம் நாள். வீடு முழுவதும் அழுகிய முட்டை நாற்றம். அம்மோனியா சோதனையில் நிறம் அட்டையின் கடைசிக் கட்டமான 8 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 8 பங்கு) தொட்டுவிட்டது. கல்லின் மேல் சளிபோல வெண்படலம். இடுக்குகளிலிருந்து சிவப்புப் புழுக்கள் வெளியே வருகின்றன. கல் கெட்டுவிட்டதா? கொதிக்கவைத்துக் கழுவினால் போதும் என்கிறார் நண்பர். வீட்டிலோ, இரண்டு கோமாளி மீன்கள் இருக்கும் பெரிய தொட்டியிலேயே போட்டு இந்தத் தொல்லையை முடி என்கிறார்கள். எதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள். வீட்டார் சொல்வதைச் செய்தால் மீன்கள் சாகும். நண்பர் சொல்வதைச் செய்தால் நீங்களே மருத்துவமனையில் படுக்க நேரிடலாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

லைவ் ராக்கின் மேல் பழுப்பாகவோ பச்சையாகவோ பொத்தான் பொத்தானாக ஒட்டியிருக்கும் சிறு உயிரிகளைப் பார்த்திருப்பீர்கள். பாலித்தோவா, சோவாந்திட் வகையைச் சேர்ந்தவை. இவற்றில் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மூர், ஷோயர் என்ற இரு வேதியியலாளர்கள் 1971இல் இதைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். நமக்குத் தெரிந்த மிகக் கொடிய இயற்கை நஞ்சுகளில் ஒன்று. நம் உடலின் செல்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் நுண்பம்பு ஒன்று இருக்கிறது. இந்த நஞ்சு அதில் ஒட்டிக்கொண்டு, அதை மூட முடியாத திறந்த வாசலாக்கிவிடும். தசை, இதயம், மூச்சு எல்லாம் அந்தப் பம்பை நம்பித்தான் ஓடுகின்றன. கொதிக்கவைத்தால் இந்த நஞ்சு அழியாது. நீராவியின் நுண்துளிகளோடு ஏறி அறை முழுவதும் பரவும். கல்லை அடுப்பில் வைத்தும், கொதிநீர் ஊற்றியும், ஆவியடித்தும் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் உள்ளன. காய்ச்சல், இருமல், மூச்சு இறுக்கம், கண்ணெரிச்சல், வாயில் உலோகச் சுவை ஆகியவை அதன் அறிகுறிகள். கல்லைக் கழுவிய பின் இவற்றில் எதுவும் தோன்றினால் அறையை விட்டு வெளியேறி உடனே மருத்துவரிடம் போங்கள். கடல் உயிரிகள் ஒட்டிய கல்லைக் கையாண்டதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று: துளைகளுக்குள் சிக்கிய நீர் ஆவியாகி வெளியேற வழியில்லாவிட்டால் கல் வெடித்துச் சிதறவும் கூடும். ஆகவே அடுப்பு, மைக்ரோவேவ், கொதிநீர், அழுத்த நீர்ப்பீச்சி எதுவும் லைவ் ராக்கின் பக்கமே வரக்கூடாது.

இனி உங்கள் கல். அது கெடவில்லை. அதன் மேல் இருந்தவற்றில் ஒரு பகுதி இறந்துவிட்டது, அவ்வளவுதான்.

பவளங்களின் பழைய எலும்புக்கூடும் சுண்ணாம்புப் பாசியும் சேர்ந்து இறுகிய கால்சியம் கார்பனேட்தான் இந்தக் கல். தேனடைபோல உள்ளெல்லாம் துளை. வெளிப்பரப்பில் கடற்பஞ்சுகள், பாசிகள், சிப்பிகள், குழாய்ப் புழுக்கள், துளைகளில் பாக்டீரியா. நீரைவிட்டு வெளியே எடுத்த உடனேயே கடற்பஞ்சுகளுக்குச் சாவு தொடங்கிவிடும். அவற்றின் நுண்குழாய்களில் காற்றுப் புகுந்தால் அப்புறம் நீர் ஓடாது. இரண்டு நாள் பெட்டியில் இருந்த கல்லில் அவை பிழைத்திருந்தால்தான் வியப்பு. அவை அழுகுகின்றன, அழுகலிலிருந்து அம்மோனியா கிளம்புகிறது. அந்த அம்மோனியா பிழைத்திருப்பவற்றையும் கொல்கிறது. அவையும் அழுகி மேலும் அம்மோனியாவாகின்றன. இந்தச் சுழலில்தான் இப்போது உங்கள் தொட்டி மாட்டியிருக்கிறது.

"தண்ணீரில் போட்டு ஆறு வாரம் விட்டுவிடு, தானாகப் பக்குவமாகும்" என்று விற்பவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. விட்டுவிட்டாலும் ஒருநாள் அம்மோனியா இறங்கத்தான் செய்யும். ஆனால் அதற்குள் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உயிர்களில் பெரும்பகுதி போய்விடும்; மிஞ்சுவது பாக்டீரியாவும் வெறுங்கல்லும். அதற்கு உலர்ந்த கல்லையே வாங்கியிருக்கலாமே! பக்குவப்படுத்துவது என்றால் செத்ததைக் கையால் எடுத்துப் போட்டு, கரைந்ததை நீரோடு வெளியேற்றி, உயிரோடு இருப்பதைக் காப்பாற்றுவது. முதல் பத்து நாள் வேலை வாங்கும், பிறகு லேசாகிவிடும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது பெரிய அளவில் நீர் மாற்றம். பாதி நீரை மாற்றினால் 8 என்பது 4 ஆகும், அதுவும் நஞ்சுதான். பாதி மாற்றத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மோனியா நீரில் இரண்டு வடிவில் இருக்கிறது, பி.எச். (நீரின் அமில, கார அளவு) ஏற ஏற நச்சு வடிவத்தின் பங்கு கூடும். அழுகல் நீரில் பி.எச். இறங்கிக் கிடக்கும். அதில் புது உப்புநீரைக் கலந்தால் பி.எச். ஏறி, மீதியிருக்கும் அம்மோனியாவின் கடுமை கூடிவிடும். ஆகவே கிட்டத்தட்ட முழு நீரையும் மாற்றுங்கள். நல்ல பாக்டீரியாவும் போய்விடுமே என்று அஞ்ச வேண்டாம். அவை கல்லின் பரப்பில் ஒட்டி வாழ்பவை, நீரில் மிதப்பவை மிகக் குறைவு.

கல் அடைத்த இடம் போக உங்கள் தொட்டிக்குச் சுமார் 90 லிட்டர் நீர் வேண்டியிருக்கும். கடல்மீன் தொட்டிகளுக்கென்று விற்கும் உப்புக் கலவையைத்தான் பயன்படுத்த வேண்டும், சமையலுப்பு உதவாது. பெரும்பாலான கலவைகளுக்கு லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் பிடிக்கும், அதாவது 90 லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றேகால் கிலோ. நீர் ஆர்.ஓ. வடிகட்டியில் வந்ததாக இருந்தால் நல்லது. குழாய்நீர்தான் கிடைக்கும் என்றால் குளோரினையும் குளோரமினையும் நீக்கும் மருந்து சேர்த்த பிறகே கலக்குங்கள். கலக்குவது தனிப் பாத்திரத்தில், பம்பு ஓடியபடி, தெளிந்து நிற்கும்வரை. கல் இருக்கும் தொட்டியில் உப்பை நேராகக் கொட்டக் கூடாது. கரையாத உப்புப் படிந்த இடத்தில் உயிர் கருகும். ஆயிரத்தில் 35 பங்கு உப்பு இருக்க வேண்டும். ஒப்படர்த்தியில் 1.025, 1.026 என்று காட்டும். உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருந்தால் அதை 35 பங்கு அளவீட்டுத் திரவத்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்; வெறும் நீரில் சுழியம் வைத்ததை மட்டும் நம்பினால் சிறு பிழை தங்கிவிடும். புது நீரின் வெப்பம் பழைய நீரோடு ஒத்திருக்கட்டும். 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் போதும்.

நீர் தயாரானதும் தொட்டியின் மூடியைத் திறந்து, சன்னல்களையும் திறந்து, சிறிது நேரம் விலகி நில்லுங்கள். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. மூடிய தொட்டியில் அது சேர்ந்திருக்கும். குனிந்து முகத்தைக் காட்டாதீர்கள். கைக்கு முழங்கைவரை நீளும் ரப்பர் உறை, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி. கையில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறும்வரை வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி காயத்தின் வழியே நுழைந்து, மாதக்கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கும். மீன்தொட்டிக்காரர்களின் நோய் என்றே அதற்குப் பெயர். பம்பு, ஹீட்டர் எல்லாவற்றின் மின்இணைப்பையும் பிடுங்கிவிட்டுத்தான் தொட்டிக்குள் கை போக வேண்டும். நீர் வடிந்த தொட்டியில் ஹீட்டர் சூடாகிக்கொண்டிருந்தால் கண்ணாடி வெடிக்கும், பிளாஸ்டிக் உருகும்.

இப்போது கற்களை ஒவ்வொன்றாக எடுங்கள். ஒரு வாளியில் புது உப்புநீர் வைத்து அதற்குள் முக்கி ஆட்டுங்கள். நன்னீரில் கழுவக் கூடாது. பிழைத்திருக்கும் உயிரி எதுவும் அதைத் தாங்காது. வெண்படலம் படர்ந்த இடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். கொழகொழவென்று கையோடு வருவது செத்தது. அதைப் பிய்த்தோ, பிளாஸ்டிக் தூரிகையால் நீருக்குள்ளேயே தேய்த்தோ எடுத்துவிடுங்கள். வெளியே வைத்துத் தேய்த்தால் துளி முகத்தில் தெறிக்கும். பொத்தான் உயிரிகள் இருக்கும் இடத்தில் தூரிகையே வேண்டாம். உறுதியாக ஒட்டியிருப்பதை, நிறம் மங்கியிருந்தாலும், விட்டுவிடுங்கள். ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி ஓரளவு வெளுத்திருக்கும். அது மெல்ல மீண்டு வரும். ஒரு கல்லில் எது அழுகியது என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் வாளியிலிருந்து தூக்கிச் சற்றுத் தள்ளிப் பிடித்து முகர்ந்தால் தெரிந்துவிடும். நல்ல கல்லுக்குக் கடற்கரை வாசனைதான் இருக்கும். ஆனால் ஐந்து நாளாக அந்த வீட்டிலேயே இருக்கும் உங்கள் மூக்கு மரத்திருக்கும். முகம் சுளிக்கும் வீட்டாரை இதற்குக் கூப்பிடுங்கள். அவர்கள் எதிர்ப்பு இந்த வேலைக்கு நல்ல அளவுகோல்.

எடுத்த கல்லைக் காற்றில் நிறுத்திவைக்காமல் உடனே உப்புநீரில் வையுங்கள். தொட்டியின் அடியில் தேங்கிய கசடு முழுவதையும் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்த பிறகே கற்கள் திரும்ப உள்ளே போக வேண்டும். அதுவும் பழையபடி நெருக்கமாக அல்ல. கீழே கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தட்டு ஒன்றைச் செங்குத்துக் கட்டைகளில் தூக்கி வைத்து, அதன் மேல் கற்களை இடைவெளி விட்டு அடுக்குங்கள். கல்லின் அடிப்பக்கத்திலும் நீர் ஓட வேண்டும். ஓடாத இடத்தில்தான் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. உங்கள் காற்றுக் குழாய் குமிழி விடுகிறதே தவிர நீரைப் புரட்டுவதில்லை. மணிக்கு 1000 முதல் 2000 லிட்டர் தள்ளும் பவர்ஹெட் என்ற நீரோட்டப் பம்பு ஒன்றாவது வேண்டும். இரண்டை எதிரெதிராக வைத்தால் இன்னும் நல்லது. கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் இருந்தால் மாட்டிவிடுங்கள். அழுகல், அம்மோனியாவாகச் சிதையும் முன்பே கறுத்த நுரையாக வெளியேறும். இந்த வேலைக்கு ஸ்கிம்மர் செய்யும் உதவியை வேறெந்தக் கருவியும் செய்யாது. நாற்றத்துக்கு ஆக்டிவேட்டட் கார்பன் என்ற கரிப் பையும் போடலாம். மூடியை இறுக்காமல் லேசாகச் சாய்த்து வையுங்கள். விளக்கு வேண்டாம், நேர் வெயிலும் வேண்டாம். இவ்வளவு சத்து கரைந்த நீரில் வெளிச்சம் பட்டால் நார்ப்பாசி பிடித்துக்கொள்ளும், பிறகு அதனோடு ஒரு போராட்டம். மின்கம்பிகள் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி விடுங்கள். கம்பி வழியே ஒழுகும் உப்புநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாத இணைப்பில் உப்புநீர்க் கருவிகளை ஓட்டவே கூடாது.

அதன் பிறகு தினமும் அம்மோனியா பாருங்கள். என் கணக்கில் 1 பிபிஎம் தாண்டினால் பாதி நீர் மாற்றம், 2 தாண்டினால் முக்கால்வாசிக்கு மேல். முதல் வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள்கூட மாற்ற நேரிடலாம். இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை கற்களைத் திருப்பி, புதிதாகக் கொழகொழத்ததை எடுத்துவிடுங்கள். புட்டியில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஊற்றினால் கெடுதல் இல்லை. ஆனால் அழுகும் கடற்பஞ்சை அது அகற்றாது; உங்கள் கல்லில் அந்தப் பாக்டீரியா ஏற்கனவே இருக்கிறது. அந்தக் காசுக்கு உப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மோனியா இறங்கும்போது நைட்ரைட் ஏறும். பயப்பட வேண்டாம். ஒருவகை நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரைட்டாக்க, இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இரண்டாம் வகை எப்போதும் பின்தங்கித்தான் வந்து சேரும். கடல்நீரில் குளோரைடு மிகுதியாக இருப்பதால் நைட்ரைட் நன்னீரில்போல மீனைத் தாக்குவதில்லை. இருந்தாலும் அது சுழிக்கு வருவது பாக்டீரியா நிலைபெற்றதற்கு அடையாளம். நைட்ரைட் இருக்கும் வரை நைட்ரேட் சோதனை செய்து பார்க்காதீர்கள். நைட்ரைட்டையும் சேர்த்துக் கூட்டிக் காட்டி வீணாகத் திகிலூட்டும். இந்த வேலை காரத்தன்மையையும் தின்றுகொண்டே போகும். பி.எச். 7.8க்குக் கீழே இறங்கினால் நீர் மாற்றம் அதையும் சேர்த்துச் சரிசெய்துவிடும்.

எத்தனை நாள் ஆகும்? அழுகல் குறைவான கல் இரண்டு, மூன்று வாரத்தில் ஆகிவிடும். மோசமானது எட்டு வாரம் இழுக்கும். உங்களுடையது நடுவில் எங்கோ இருக்கும் என்று தோன்றுகிறது. நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீர் மாற்றாமல் மூன்று நாள் விட்டு, இரண்டு முறை சோதித்து, இரண்டிலும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருந்து, கல்லில் நாற்றமும் இல்லாவிட்டால் பக்குவமாகிவிட்டது. கடைசியாக ஒரு முழு நீர் மாற்றம் செய்து பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். அங்கும் ஒரு வாரம் தினமும் அம்மோனியா பாருங்கள். இடம் மாறியதில் சிறு ஏற்றம் வரலாம்.

கோமாளி மீன்களை முன்னிட்டு ஒரு வார்த்தை. உங்களுக்கு விற்றவர் கல்லை மீன்கள் இருக்கும் தொட்டியில் வைத்திருந்தாரா என்று கேளுங்கள். வைத்திருந்தால் கிரிப்டோகாரியான் என்ற வெண்புள்ளி நோய் ஒட்டுண்ணியின் உறைகள் கல்லில் ஒட்டியிருக்கலாம். மீனில்லாத நீரில் அவை இறுதியில் பட்டினியால் அழியும். ஆனால் ஓர் உறை திறக்க 72 நாள் வரை எடுத்துக்கொண்டது பதிவாகியிருக்கிறது. விற்றவர் ஆம் என்றால், பக்குவமான பிறகும் கல்லை அந்தத் தனித் தொட்டியிலேயே பதினொரு வாரம் நிறைவாகும் வரை வைத்திருங்கள். கடலிலிருந்து நேராகப் பெட்டிக்கு வந்த கல் என்றால் இந்தக் கவலை பெரிதாக வேண்டாம்.

சிவப்புப் புழுக்களைக் கொல்லாதீர்கள். அவை பெரும்பாலும் முள்புழுக்கள். இப்போது உங்களுக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்பவை அவைதான். நீங்கள் எட்ட முடியாத துளைகளில் இருக்கும் அழுகலைத் தின்கின்றன. வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். முள் குத்தினால் ஒட்டும் நாடாவை அழுத்திப் பிய்த்து எடுங்கள். நீங்கள் தேடி ஒழிக்க வேண்டிய தொல்லைகள் வேறு. கண்ணாடிபோல் மெல்லிய, பழுப்பு நிறக் கடற்சாமந்தி தெரிந்தால் அது ஐப்டேசியா. அதைக் கிள்ளி எறிந்தால் விட்டுப்போன துணுக்கு ஒவ்வொன்றும் ஒரு புது ஐப்டேசியா ஆகும். கால்சியம் ஹைட்ராக்சைடைப் பசையாகக் குழைத்து ஊசிக்குழாயால் அதன் வாயில் வையுங்கள். இரவில் தொட்டியிலிருந்து டிக், டிக் என்று சத்தம் கேட்டால் மான்டிஸ் இறாலாக இருக்கலாம். அது இருக்கும் கல்லைக் கண்டுபிடித்துத் தனியே எடுத்து வைக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. பெரிய தொட்டிக்குப் போய்விட்டால் பிடிப்பது பெரும்பாடு. மயிரடர்ந்த கால்களும் கறுத்த இடுக்கி நுனியும் உள்ள நண்டுகளையும் இப்போதே வெளியேற்றிவிடுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது உலர்ந்த கல்லையோ, கடலில் மனிதர் வைத்து வளர்த்து எடுக்கும் கல்லையோ யோசியுங்கள். லைவ் ராக்கை வைத்தே நீரைத் தூய்மையாக வைத்திருக்கலாம் என்று இந்தோனேசியாவின் லீ சின் எங் 1961இல் எழுதியபோது பவளத்திட்டிலிருந்து கல் எடுப்பதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. இன்று கல்பவளங்கள் அனைத்தும், அவற்றோடு லைவ் ராக்கும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கின்றன. நாடு தாண்டும் கல்லுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். கரையிலிருந்து நாமே பொறுக்குவது பல நாடுகளில் குற்றம். உலர்ந்த கல்லில் அழுகலும் பூச்சியும் கிடையாது. பதிலுக்கு, அதில் ஊறியிருக்கும் பாஸ்பேட் மாதக்கணக்கில் கசியும். பொறுமை வேறு இடத்தில் செலவாகும். என்னைக் கேட்டால் உலர்ந்த கல்லே பெரும்பகுதியாகவும், நன்கு பக்குவமான லைவ் ராக் ஒன்றிரண்டு துண்டுகளும் போதும்.

மாற்றிய நீரைத் தோட்டத்தில் ஊற்றாதீர்கள், உப்பில் செடி போகும். மழைநீர் வடிகாலிலும், ஆறு, கடல் எதிலும் விடாதீர்கள். மொனாக்கோ கடலோரத்தில் 1984இல் கண்டறியப்பட்ட காலெர்ப்பா டாக்சிஃபோலியா என்ற பாசி, பின்னர் மத்தியதரைக் கடலின் பெரும்பரப்பில் பரவியது. அது மீன்காட்சியகத் தொட்டியிலிருந்து வெளியேறியது. உங்கள் வாளி நீரிலும் என்னென்ன முட்டையும் துணுக்கும் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. கழிப்பறைச் சாக்கடையில் ஊற்றுங்கள். தூரிகையில் ஒட்டிய அழுகலையும் பிய்த்த கடற்பஞ்சையும் பையில் கட்டி அன்றைக்கே குப்பையில் போடுங்கள். ஒருநாள் வைத்தால் வீட்டாரிடம் மறுபடி பேச்சு வாங்குவீர்கள்.